அறையை அடைத்தோம், வீட்டைத் திறந்தே வைத்தோம்

ஆத்தாவின் அறையில் ஏசி பொருத்திய அன்று, அதன் வடிகுழாயின் முனையை முற்றத்துச் சாக்கடையில் விட்டுவிடலாம் என்று பொருத்த வந்தவர் சொன்னார். ஆத்தா இணங்கவில்லை. ஓட்டுச் சரிவில் இறங்கும் மழைத் தண்ணீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்துப் புழங்கிய ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு, சொட்டுகிற தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்ப மனம் ஒப்பாது. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குழாயின் கீழே வைக்கச் சொன்னார். காலையில் அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றச் சொன்னார். சித்திரை மாதம் அது. முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு காலையும் அந்த வாளியில் ஏறத்தாழ எட்டு லிட்டர் தண்ணீர் நின்றது. செடிக்குப் போதுமானது என்று மகிழ்ந்தாலும், ஆத்தாவுக்கு ஒரு கேள்வி எழாமல் இல்லை. "பூட்டின அறைக்குள்ள இம்புட்டுத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான், அறையின் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்கும் வேலையில் நான் இறங்கினேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் பிற வீடுகளைப் போலவே இதுவும் ஒரு தெருவில் வாசல் வைத்து மறு தெருவில் முடிகிற வீடு. முகப்பில் நின்று பார்த்தால் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் கடந்து பின்வாசல் வரை கண் ஒரே நேராக ஓடும். கண் ஓடுகிற அந்த வழியில்தான் காற்றும் ஓடுகிறது. முற்றத்தில் வெயில் பட்டுச் சூடேறிய காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப நிழலில் கிடந்த குளிர்ந்த காற்று அறைகளின் வழியாக வந்து சேரும். அதற்காகவே ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே திறப்பும், சுவரின் உச்சியில் கம்பியிட்ட காற்றுப்புழையும் வைத்தார்கள். ஜன்னலுக்குக் காலதர் என்று பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எங்கள் வீட்டை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சொல்தான் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆகவே பர்மாத் தேக்குக் கதவுகளில் இடுக்கு இருப்பது கட்டியவர்களின் குறை அல்ல. காற்றை வரவேற்கக் கட்டிய வீட்டில் காற்று நுழைகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஆத்தாவுக்கு இப்போது 82 வயது. சித்திரை, வைகாசி இரவுகளில் சுவரும் ஓடும் பகலில் வாங்கிய வெப்பத்தை விடிய விடிய வெளியிட, அவரால் உறங்க முடியவில்லை. ஏசி தேவையாகிவிட்டது. காற்றுக்காகக் கட்டிய ஓர் அறையில், காற்றை மூடி வைத்துக் குளிரூட்டும் கருவி ஒன்று வந்து அமர்ந்தபோது, அதுவரை நன்மையாக இருந்த இடுக்குகளெல்லாம் செலவாக மாறின.

இடுக்குகள் எங்கே இருக்கின்றன என்று கண்டறிய ஓர் ஊதுபத்தி போதும். இரவு ஏசியை ஓடவிட்டு, அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு அதை நிறுத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்தி, ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன். கதவின் அடியில் பிடித்தபோது புகை தரையோடு படிந்து, ஒரு நூல் இழுபடுவதுபோல வளவை நோக்கி வெளியே சென்றது. அதே ஊதுபத்தியை ஏணியில் ஏறிக் காற்றுப்புழையின் அருகே பிடித்தபோது, புகை அறைக்குள்ளே மடங்கி என் முகத்தின் மேல் வந்தது. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே இறங்கிக் கதவின் அடி வழியே ஒழுகிவிடுகிறது. ஒழுகிய அளவுக்கு மேலே உள்ள துளைகளின் வழியே வெளிக்காற்று உள்ளே இறங்குகிறது. மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் இடையே உயரம் கூடக் கூட இந்த இழுவையின் வேகமும் கூடும். எங்கள் அறையின் உயரம் 13 அடி. பத்தடி உயரமுள்ள புதுவீட்டு அறையைவிட இங்கே ஒழுக்கு அதிகமாக இருப்பதற்கு இந்த உயரமும் ஒரு காரணம்.

பகலில் வேறொரு சோதனையும் செய்து பார்த்தேன். வளவில் விளக்கைப் போட்டுவிட்டு, அறையை இருட்டாக்கி உள்ளே நின்றால், வெளிச்சம் எங்கெல்லாம் கோடாக விழுகிறதோ அங்கெல்லாம் காற்றும் நுழையும். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே வைத்துச் சாத்தி, இழுத்தால் தடையில்லாமல் வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல முறையே. எனினும் ஊதுபத்தி காட்டியதை மற்ற இரண்டும் காட்டவில்லை, ஏனென்றால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது புகையில்தான் தெரியும்.

இனி அந்த எட்டு லிட்டர் தண்ணீரின் கதை. அறை 12 அடிக்கு 14 அடி; உயரத்தையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறத்தாழ 62 கன மீட்டர். அவ்வளவு காற்று எழுபது கிலோவுக்கு மேல் எடை உள்ளது. கோடை இரவில் எங்கள் பகுதியின் வெளிக்காற்றில், ஏசி ஓடும் அறையின் காற்றில் இருப்பதைவிடக் கிலோவுக்கு ஆறு ஏழு கிராம் நீராவி கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆகவே அறையின் காற்று ஒருமுறை முழுவதுமாக மாறினால், ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே வந்துவிடுகிறது. எட்டு மணி நேரத்தில் பதினைந்து பதினாறு முறை மாறினால் எட்டு லிட்டர் ஆகிவிடும். ஆத்தாவும் உடன் உறங்கும் நானும் மூச்சிலும் வியர்வையிலும் வெளியிடுவது அதில் சிறு பங்குதான்.

இந்த நீராவிதான் நம் ஊர்ப் பக்கத்தில் மின்கட்டணத்தைக் கூட்டுகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாத செய்தி. இரவில் வெளியே 29, 30 டிகிரி, உள்ளே 26 டிகிரி. வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதானே, சிறிது காற்று நுழைந்தால் என்ன குறைந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் காற்றைக் குளிர்விப்பது எளிது, அதிலுள்ள ஆவியைத் தண்ணீராக்குவதுதான் கடினம். ஆவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்க, ஏசி ஏறத்தாழ 0.68 யூனிட் அளவுள்ள வெப்பத்தை அறையிலிருந்து அகற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல அது எட்டு மடங்குக்கும் மேல். குளிர்நாட்டு வீடுகளில் இடுக்கை அடைப்பது உள்ளிருக்கும் சூட்டைக் காப்பதற்காக. நாமோ பெரும்பாலும் ஈரத்தைத் தடுப்பதற்காக அடைக்கிறோம்.

வேலையைத் தொடங்கும் முன் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். இந்த வீடு எனக்கு மட்டும் உரியதன்று. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் இரண்டு மட்டுமே எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, உரியவை. வீடோ பங்காளிகள் அனைவருக்கும் பொது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் வந்து நிற்கும்போது நிலையில் ஓர் ஆணித் துளையோ, வெள்ளைக்கரு இட்டுத் தேய்த்த சுவரில் ஒரு பசைக் கறையோ இருக்கக் கூடாது. நூற்றாண்டைக் கடந்த அந்தப் பூச்சில் சிலிக்கான் பசையை வைத்தால், பின்னாளில் பிய்க்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஆகையால் எதைச் செய்தாலும் மறுபடி எடுக்கக்கூடியதாக மட்டுமே செய்வதென்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டு மரவேலைகளை வழக்கமாகப் பார்க்கும் ஆசாரியை அழைத்தேன். அவர் கதவை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு, நான் வாங்கி வைத்திருந்த தடித்த ஃபோம் டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆச்சி, இப்பக் கதவு சுக்காக் காஞ்சு கெடக்கு. இப்ப இருக்கிற இடுக்கப் பாத்துக் கனமா ஒட்டிப்புட்டீங்கன்னா, ஐப்பசி மழையில கதவு சாத்தாது" என்றார். மரம் ஈரத்தை வாங்கி விரியும், வெயிலில் சுருங்கும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகத்தான் விரியும் என்றாலும், அகலமான பலகைகளால் ஆன கதவில் அந்தச் சிறிதும் தெரியும். சித்திரையில் விரல்நுனி நுழைகிற இடுக்கு ஐப்பசியில் காகிதம் நுழையாத அளவுக்குச் சுருங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் டேப் வாங்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. இந்த ஒரு யோசனைக்காகவே ஆசாரியை அழைத்தது தகும்.

ஃபோம் டேப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடுவில் குழல்போல் உள்ளீடற்ற ரப்பர் பீடிங்கை வாங்கினேன். அமுங்க இடமிருப்பதால் அது மழைக்காலத்திலும் ஓரளவுக்கு விட்டுக்கொடுக்கும். ஃபோம் நம் வெப்பத்தில் ஓரிரு ஆண்டுகளில் பொடியாக உதிர்ந்துவிடும். ஈபிடிஎம் எனப்படும் ரப்பர் அதைவிட நெடுநாள் உழைக்கும். அதை ஒட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருக்கிறது. அதன்மேல் தலைமுறை தலைமுறையாகத் துடைத்த எண்ணெய் வேறு சேர்ந்திருக்கிறது. நேரே ஒட்டினால் மறுநாள் காலையில் பீடிங் தரையில் கிடக்கும். ஒட்டும் இடத்தை மட்டும் தின்னரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, உலரவிட்டு, பிறகே ஒட்ட வேண்டும். துணியில் கறுப்பாக வந்த அழுக்கு நிற்கும் வரை துடைத்தோம்.

ஜன்னலுக்கு மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு கதவுகள். நிலையில் கதவு படியும் விளிம்பில் பீடிங்கை ஒட்டியதும் ஓரங்கள் அடங்கிவிட்டன. நடுவில் மேல்கதவும் கீழ்கதவும் சந்திக்கும் இடம்தான் தொல்லை கொடுத்தது. பழைய வேலைப்பாட்டில் அங்கே ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒரு சட்டம் அறைந்திருப்பார்கள்; எங்களுடையதில் அது ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் தூண்களையும் ஜன்னல்களையும் விற்கிற பழம்பொருள் கடைகளில் தேடி, அதே கனத்தில் ஒரு பழந்தேக்குச் சட்டத்தை ஆசாரி எடுத்து வந்தார். முன்பிருந்த ஆணித் துளைகளிலேயே அதைப் பொருத்தினார். யாருடைய வீட்டு ஜன்னலிலிருந்து வந்ததோ அந்தச் சட்டம். கையில் வாங்கும்போது எனக்கு மனம் கனத்தது.

ஜன்னலின் மேலே அரைவட்டமாக இருக்கும் வண்ணக் கண்ணாடிகளில் மூன்று ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடியைப் பிடித்திருந்த மக்கு காய்ந்து உதிர்ந்திருந்தது. சாக் பவுடரையும் லின்சீட் எண்ணெயையும் பிசைந்து ஆசாரி புது மக்கு தயாரித்து, கட்டைவிரலால் அழுத்தி, பட்டித் தகட்டால் சாய்வாக வழித்து விட்டார். ஆடிக்காற்றில் இரவெல்லாம் அவை கடகடவென்று அடிக்கும் ஓசையை என் சிறுவயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். அது நின்றுவிட்டது. செம்மண் புழுதியும் கட்டிலின்மேல் படிவது குறைந்துவிட்டது.

எல்லாவற்றிலும் அதிகக் காற்றை ஒழுகவிட்டது கதவின் அடிதான். அந்த வாசலின் கீழ்ப்படியைக் கரையான் அரித்துவிட்டதென்று ஐயா காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். வளவின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் தடையின்றி அறைக்குள்ளும் ஓடுகிறது. வீடு கழுவும்போதெல்லாம் தண்ணீர் பட்டுப் பட்டுக் கதவின் கீழ் விளிம்பும் தேய்ந்திருந்தது. மூன்றடி அகலக் கதவின் கீழே அரை அங்குல இடைவெளி என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். கணக்கிட்டால் 18 சதுர அங்குலம். அதாவது சுவரில் ஒவ்வொரு பக்கமும் நாலேகால் அங்குலம் உள்ள ஒரு சதுர ஓட்டையைப் போட்டு இரவெல்லாம் திறந்து வைத்ததற்குச் சமம்.

இதற்கு ஆத்தாவே ஒரு வழி சொன்னார். நைந்து போன பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்து நீளப் பையாகத் தைத்து, அதில் மணலை நிரப்பிக் கதவின் அடியில் போட்டோம். அருமையாகக் காற்றை நிறுத்தியது. ஆனால் இரண்டாம் நாள் இரவு, கழிப்பறைக்கு எழுந்த அவருடைய கால் அதில் தட்டி, நல்லவேளையாகக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். அன்றே அந்தப் பையை எடுத்துவிட்டேன். முதியவர்கள் உறங்கும் அறையில் தரையில் தனியாகக் கிடக்கிற எந்தப் பொருளையும் போடாதீர்கள். மின்சாரம் மிச்சமாவது ஒரு பொருட்டல்ல. இப்போது இரண்டு பக்கமும் குழல்போன்ற மெத்தையுள்ள தடுப்பு ஒன்றைக் கதவின் அடியில் செருகியிருக்கிறோம். கதவு நகரும்போது அதுவும் கூடவே நகரும். ரப்பர் வைத்தது ஆத்தங்குடிக் கல்லில் கறுப்புக் கோடு இழுத்ததால், துணி உறை போட்டதையே தேர்ந்தெடுத்தேன். அந்தக் கண்டாங்கித் துணிதான் இப்போது அதற்கு உறை.

கதவு கீலுக்குப் பதில் குடுமி எனும் முளையில் சுழல்கிற பழைய வகை என்பதால், குடுமிப் பக்கத்தில் ஒட்டிய பீடிங் நாலே நாளில் கிழிந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் நிலையிலிருந்து தொங்கும்படி மெல்லிய கம்பளித் துணிப் பட்டை ஒன்றைப் போதுமான தளர்வோடு ஒட்டினோம். கதவு சுழலும்போது அது வளைந்து கொடுக்கிறது. காற்றுப்புழையை ஓர் அட்டையில் துணி சுற்றி, எடுத்து வைக்கும்படியாக மூடினோம். கடைசியாகக் கண்ணில் பட்டது ஏசியின் செம்புக் குழாய் வெளியே செல்லும் துளை. பொருத்த வந்தவர்கள் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்து மறைத்துவிட்டு, சுவரின் உள்ளே அப்படியே விட்டிருந்தார்கள். வளையத்தை நகர்த்தி ஊதுபத்தியைப் பிடித்தபோது புகை சீறிக்கொண்டு உள்ளே வந்தது. புதிதாக ஏசி வைத்தவர்கள் முதலில் இந்தத் துளையைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் அந்த ஓர் அறைக்கு மட்டும்தான். உற்சாகத்தில் வீடு முழுவதையும் அடைக்கப் புறப்பட்டுவிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வளவையும் முகப்பையும் அடைத்தால், ஏசி இல்லாமலே குளிர்ந்திருக்கிற இடங்களை நாமே புழுக்கமாக்கி, அங்கேயும் ஏசி கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவோம். அடுப்படியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், அது வெளியேறக் கதவின் அடி இடைவெளி தேவை. விறகடுப்போ கரியடுப்போ எரிகிற இடத்தை அடைப்பது உயிருக்கே ஆபத்து. அடைத்த அறைக்குள் கொசுவர்த்தி ஏற்றுவதையும் நிறுத்திவிட்டோம், இப்போது கொசுவலைதான். ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே சுற்றி விடுகிறது என்பதையும் பலர் அறிவதில்லை. ஆகவே முற்றிலும் காற்றுப்புகாதபடி அடைக்க நான் முயலவில்லை. பழைய வீட்டில் எவ்வளவு அடைத்தாலும் இரண்டு பேர் மூச்சுக்குப் போதுமான காற்று எப்படியும் வந்துவிடும். எனினும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏசியை நிறுத்தி, ஜன்னலையும் காற்றுப்புழையையும் திறந்துவிடுவதை விடாமல் செய்கிறோம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். வைகாசியில், வெயில் முன்போலவே காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், ஏசியை அதே 26 டிகிரியில் வைத்து, வாளியை ஒவ்வொரு காலையும் லிட்டர் படியால் அளந்தேன். எட்டு லிட்டர் நாலாகக் குறைந்திருந்தது. குறைந்த அந்த நாலு லிட்டரை ஆவியிலிருந்து தண்ணீராக்க அகற்ற வேண்டியிருந்த வெப்பம் ஏறத்தாழ 2.7 யூனிட். ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது. எனவே மின்சாரத்தில் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சமாக வேண்டும். காற்றின் சூட்டையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். மீட்டரும் அதையே காட்டியது: இரவுக்கு ஏழு யூனிட் ஓடிய இடத்தில் ஆறு. இரண்டு மாதக் கணக்கில் அறுபது யூனிட். தொகை பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் நம் மாநிலக் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்குக் கட்டணம் ஏறுவது மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு இப்புறம் நிற்க எங்களுக்கு அந்த அறுபது யூனிட் உதவியது.

ஐப்பசியில் மழை பிடித்த நான்காம் நாள் காலையில், ஆசாரி சொன்னபடியே இடப்பக்கக் கதவு சாத்த மறுத்தது. ஏசிக்கு அப்போது தேவையே இல்லை. நிலையின் அந்தப் பக்கத்துப் பீடிங்கை மட்டும் மெல்ல உரித்து, சுருட்டி, "இடது நிலை, மேலிருந்து கீழ்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, ஆத்தாவின் பலகாரத் தகரடப்பா ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். கதவு சத்தமின்றிச் சாத்துகிறது. மாசி கழிந்து மரம் காய்ந்ததும் புதுப் பசை தடவி மறுபடி ஒட்ட வேண்டும். வாளி இப்போது முற்றத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.